தையல் வலது, கை இடது

செவ்வாய்க்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அங்கே நீங்களும், நீங்கள் பூட்டிக்கொண்டிருக்கிற மிஷினும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போனில் பேச வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிக்க வேண்டாம். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் பின்னால் கடகடவென்று சத்தம், முன்னால் நீங்கள். ‘அத்தை, வேலைல இருக்கேன், அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் அப்புறம் ஒன்பது நாளாகியும் வரவில்லை. காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. வேண்டுமானால் படிக்காமல் மடித்து வைக்கலாம். தயவுசெய்து படித்துவிடுங்கள், விஷயம் உங்கள் மனைவியைப் பற்றியது.

நீங்கள் நீளமாகப் படிக்கிற ஆள் இல்லை. அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை முதலாளி வெளியூரிலிருந்து வருகிறார். அன்றைக்கு உங்கள் மனைவியை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். அவள் செய்யாத தப்புக்கு. செய்தவர் நீங்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியாது, வழக்கம்போல.

போன மாதம் ஒரு மீன் வெட்டும் கொட்டகையிலிருந்து நம் கையுறைக் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. நாற்பது பெட்டி, எல்லாம் இடது கை மட்டும். மீன் வெட்டுகிறவர்கள் வலது கையில் கத்தி பிடிப்பார்கள். அந்தக் கைக்கு உறை போட்டால் பிடி வழுக்கும். மீனை அமுக்கிப் பிடிக்கிற இடது கைக்குத்தான் உள்ளங்கையில் தோல் வைத்த உறை வேண்டும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. நாற்பது பெட்டியும் போயிற்று. பத்தே நாளில் நாற்பதும் திரும்பி வந்தது. உள்ளே இருந்தது அத்தனையும் வலது கை.

கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். ‘எங்கள் ஆட்கள் கத்தியால் மீனை வெட்டுகிறார்கள், மீனால் கத்தியை வெட்டுவதில்லை’ என்று எழுதியிருந்தது. கம்பெனி முழுக்க அதைப் படித்துச் சிரித்தது. உங்கள் மனைவி சிரிக்கவில்லை. பெட்டி கட்டிய சீட்டில் இருந்த கையெழுத்து அவளுடையது.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நாலு மாதம் முன்னால் நீங்கள் உங்கள் கம்பெனியின் கையுறை புரட்டுகிற மிஷினோடு வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்து நாள் இருந்தீர்கள். பத்து நாளும் எங்களுக்குப் பாடம் நடந்தது. கையுறையை உள்புறம் வெளியே தெரியத்தான் தைப்பார்கள், தைத்து முடித்ததும் நல்ல பக்கம் புரட்ட வேண்டும் என்று, முப்பத்தொரு வருஷமாக அதை மட்டுமே செய்துகொண்டிருக்கிற பெண்களுக்கு, கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தீர்கள். அப்புறம் மிஷினைக் காட்டினீர்கள். இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து குழாய், ஐந்து கம்பி, காலால் ஒரு மிதி. குழாய்களின் மேல் உறையை மாட்டினால் மேலேயிருந்து கம்பி இறங்கி விரல்களை உள்ளே தள்ளும், காற்று இழுக்கும், நல்ல பக்கம் வெளியே வந்து அந்தந்தப் பக்கத்துத் தொட்டியில் விழும். ‘நிமிஷத்துக்குப் பன்னெண்டு. கை வலிக்காது, டீ கேக்காது, வாய் பேசாது’ என்றீர்கள். வாய் பேசாது, வாஸ்தவம்தான். அதற்கும் சேர்த்துத்தான் உங்களை அனுப்பியிருந்தார்களே.

மிஷினை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். புரட்டு மேசையில் உட்கார்ந்து, நட்டு வைத்த இரும்புக் கம்பியில் ஒவ்வொரு விரலாகச் சொருகிச் சொருகி இழுத்த வேலையை நினைத்து ஏங்குகிறவள் இல்லை நான். என் வலது கட்டைவிரல் மடங்காமல் போனது அதனால்தான். சனியன் விட்டது என்றுதான் இருந்தேன். மிஷின் நல்ல மிஷின், சொன்ன வேலையைச் செய்கிறது, சொல்லாததைச் செய்வதில்லை. அதற்குப் புரட்டு மிஷின் என்று பேர் வைத்ததும் நான்தான். இப்போது கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் மிஷினைத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. ‘தையல் வலது, கை இடது.’ உள்புறம் வெளியே இருக்கும்போதே உறைக்குள் கையை விட்டுப் பார்த்து, வலது கைக்குப் பொருந்துவதைத் தையல்காரர்கள் தனியாகக் கட்டி, கட்டின் மேல் சாக்பீஸால் ‘வ’ என்று போடுவார்கள். அதைப் புரட்டிய பிறகு இடது கைக்குத்தான் சேரும். நம்பிக்கை இல்லாவிட்டால் அங்கே கிடக்கிற ஒரு உறையை மாட்டிப் பார்த்து, புரட்டி மறுபடியும் மாட்டிப் பாருங்கள். அதனால் நாங்கள் ‘வ’ கட்டைப் பிரித்துப் புரட்டியதும் இடது கூடையில் போடுவோம், ‘இ’ கட்டை வலது கூடையில். கை தானாகப் போகும். யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது கிடையாது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பத்தாம் நாள் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து, ‘வ’ கட்டுப் போகிற பக்கத்துத் தொட்டிக்கு மேலே ‘வலது’ என்று ஒரு பலகை, ‘இ’ கட்டுப் போகிற பக்கத்துத் தொட்டிக்கு மேலே ‘இடது’ என்று ஒரு பலகை, எழுதி மாட்டிவிட்டுப் போனீர்கள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் பூ வேறு. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. இந்தத் தொட்டியில் ஒன்று, அந்தத் தொட்டியில் ஒன்று எடுத்துக் கட்டினால், எதற்கு என்ன பேர் போட்டிருந்தாலும் ஜோடி ஜோடிதான். ஒற்றைக் கை ஆர்டர் வந்தபோதுதான் சாயம் வெளுத்தது. ‘இடது’ என்று நீங்கள் எழுதிய தொட்டியிலிருந்தே நாற்பது பெட்டியும் கட்டினார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜோடி இல்லாதபோது யாருக்குச் சந்தேகம் வரும்? பெட்டி திரும்பி வந்த பிறகுதான் நான் போய்ப் பலகையைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது.

உங்கள் மனைவிக்கு எங்கள் கூடத்துப் பேச்சு தெரியாது. அவள் புரட்டு மேசையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை, நான் உட்கார விட்டதில்லை. அட்டைப்பெட்டிக் கடையில் பில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். ‘மிஷினை என் வைஃப்தான் ஓட்டணும், அவளுக்குத்தான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்’ என்று சொல்லி அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்தவர் நீங்கள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். வேலை முடிந்ததும் பத்துக் குழாயையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எது வலது, எது இடது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

எங்கள் மேற்பார்வையாளரை உங்களுக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் சரி சரி என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பேர். வண்டியில் ஏற்றும் முன்னால் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டியது அவர் வேலை. அன்றைக்குப் பார்க்கவில்லை. நாற்பதும் திரும்பி வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. யார் செய்தது, யார் செய்தது என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தான் மாட்டுவதற்குள் வேறு யாராவது மாட்ட வேண்டுமே என்கிற தவிப்பு. உங்கள் மனைவி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, ‘நான்தான் சார் தொட்டியை மாத்தி வெச்சுட்டேன்’ என்றாள். சரி சரி என்றார். போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. அன்றைக்கே முதலாளிக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து, எதற்கடி அப்படிச் சொன்னாய் என்று பிடித்துக்கொண்டேன். ‘அவர் வேலை நிரந்தரம் ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா. இப்ப கம்ப்ளைண்ட் போச்சுன்னா எடுத்துடுவாங்க’ என்றாள். உன் வேலை போனால் பரவாயில்லையா என்றேன். அவர் வேண்டுமென்றா செய்தார் என்று என் மேலேயே பாய்ந்தாள். இந்த ஊரில் மொத்தம் மூன்று கையுறைக் கம்பெனி. கவனமில்லாதவள் என்று ஒரு இடத்தில் எழுதி அனுப்பினால் மற்ற இரண்டிலும் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அட்டைப்பெட்டிக் கடையில் அவள் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்தாகிவிட்டது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

உங்களை எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை யாரும் கேட்காமலே கழற்றி மாட்டினீர்கள். மாட்டிய பிறகு ஒரு திருகு மிச்சம் இருந்தது. அதை மெதுவாக உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தக் கடிகாரம் இன்றைக்கும் பத்து நிமிஷம் முந்திக்கொண்டு ஓடுகிறது. இவளிடம் சொன்னால், சீக்கிரம் கிளம்ப வசதிதானே என்கிறாள்.

ஒரே மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். நீங்கள் விட்டுவிட்டுப் போன நீலச் சட்டையை ஞாயிற்றுக்கிழமைதோறும் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் அதே ஆணியில் மாட்டுகிறாள். யாரும் போடாத சட்டை எப்படியடி அழுக்காகும் என்று கேட்டால் தூசி என்கிறாள். நீங்கள் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, காற்று அழுத்தம் சரியாக இருக்கிறதா, எண்ணெய் போட்டாயா என்று கேட்கிறீர்கள். அவளும் மிஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதை வந்து பார்க்கிறேன் என்றீர்கள். ஊர் ஊராகப் போய்க் குழாய் பூட்டுகிறவருக்கு இந்த ஒரு குழாய்க்கு நேரமில்லை. ஆள் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டேன், அதற்காக நீங்கள் வர வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு தாளை எடுத்து முதலாளி பேருக்கு இப்படி எழுதுங்கள்: ‘தொட்டிகளின் மேல் பலகை எழுதி மாட்டியது நான். மாற்றி எழுதிவிட்டேன். மிஷின் ஓட்டுபவர் மேல் குற்றமில்லை.’ மூன்றே வாக்கியம். படம் எதுவும் வேண்டாம். கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி கூரியரில் அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உங்களுக்கு உடம்புக்கு வந்தால் அதற்கும் அவள்தான் அழ வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்


வியாழக்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு, அதே மாமியார்தான்.

உங்கள் கூரியர் சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. கனமாக இருந்தது. பரவாயில்லையே, மனிதர் எழுதிவிட்டார் என்று ஒரு நிமிஷம் உங்களைப் பற்றி நல்லவிதமாக நினைத்துவிட்டேன். பிரித்தால் இரண்டு பக்கம் விளக்கம், ஒரு பக்கம் படம். ஒரு கை, ஒரு அம்புக்குறி, புரட்டிய கை, இன்னொரு அம்புக்குறி. நான் கேட்ட மூன்று வாக்கியத்தில் ஒன்றைக்கூடக் காணோம். ‘வலதுன்னா உலகம் முழுக்க வலதுதான் அத்தை, உங்க தையல் கூடத்துல மாத்தி எழுதினா அதுக்கு நான் என்ன பண்றது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உலகம் முழுக்க எப்படியோ, மீன் கொட்டகையில் அது எடுபடவில்லை.

முதலாளிக்கு எழுதினால் அது சுற்றிச் சுற்றி உங்கள் கம்பெனிக்கு வந்துவிடுமாம், யோசித்துத்தான் செய்ய வேண்டுமாம், அதுவரைக்கும் அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். பொறுத்துக்கொள்ள அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன. கல்யாணமாகி ஒரு வருஷமாக அந்தப் பழக்கம்தானே.

அந்த மூன்று பக்கத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு இடம். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தீர்கள். ‘அந்தப் பத்து நாளும் நீங்க எதிர்லதானே இருந்தீங்க அத்தை. நான் பலகை மாட்டறதைப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க. ஏன் சொல்லல?’

அதை நாலைந்து தடவை படித்தேன். போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதியிருந்தேன். பெட்டி திரும்பி வந்த பிறகுதான் பலகையைப் பார்த்தேன் என்று. அப்படி இல்லை.

நீங்கள் ஸ்டூலில் ஏறி முதல் பலகைக்கு ஆணி அடிக்கும்போதே பார்த்துவிட்டேன். மாற்றி மாட்டுகிறார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அன்றைக்குக் காலையில்தான் கூடம் முழுக்கக் கேட்க, ‘அத்தை, இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்ல, ஓரமா உக்காந்து நூல் வெட்டுங்க’ என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், உங்கள் மனைவியைத் தவிர. நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். ஓரத்தில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஜோடிக்கு ஒன்றும் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் போகும்போதும் வரும்போதும் அந்தப் பலகையைப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பெரிய மேதாவி, பூப் போட்டு எழுதியிருக்கிறார் பார் என்று. நாலு மாதமாக எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

ஒற்றைக் கை ஆர்டர் வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததுமே என்ன நடக்கும் என்று புரிந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. சரிசரி வழக்கம்போல ஒரு பெட்டியைப் பிரிப்பார், வாசலிலேயே குட்டு உடைந்துவிடும், உங்கள் கம்பெனிக்குப் போன் போகும், நீங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவீர்கள், நாலு பேர் முன்னால் அசடு வழிய நிற்பீர்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது. வேலை போக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அசடு வழிய வேண்டும், அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவர் பிரிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசல் தெரியும். பெட்டிகளை ஏற்றினார்கள், கயிறு கட்டினார்கள், வண்டி கிளம்பியது. எழுந்து போய் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சீட்டில் அவள் கையெழுத்துத்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. உங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். மேசை மேல் திரும்பி வந்த பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு உறையை எடுத்து மாட்டினார், கழற்றினார், புரட்டினார், மறுபடியும் மாட்டினார். இருபது வருஷமாகக் கையுறைக் கம்பெனி நடத்துகிற மனிதர், எது எந்தக் கை என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அவர் மாட்டும்போதும் சரிசரி ‘சரி சரி’ என்றார், கழற்றும்போதும் ‘சரி சரி’ என்றார். உங்கள் மனைவி கையைக் கட்டிக்கொண்டு, ‘என் கவனக்குறைவுதான் சார்’ என்று ஒப்பித்தாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் உள்ளே போனேன்.

‘பலகை தப்பா இருக்கு சார். மாட்டும்போதே எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது’ என்றேன். பலகையை எழுதியது யார் என்று கேட்டார். ‘யார் எழுதினா என்ன சார், பாத்துட்டு சும்மா இருந்தது நான்’ என்றேன். தெரிந்தே விட்டீர்களா என்றார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். மாப்பிள்ளையைக் கண்டால் எனக்கு ஆகாது என்று ஒரு முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சரிசரிகூட அந்த நேரம் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மனைவி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வேலையில் இருக்கிறாள். அவள் பேருக்கு எதிரே எழுதியிருந்ததை முதலாளியே அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னை இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் அழுது புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். நூல் வெட்டுகிற வேலைக்காக யாரும் அழ மாட்டார்கள். உங்கள் பலகைகளை அன்றைக்கு நானே கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை, இதை அங்கே, அதை இங்கே, இரண்டு நிமிஷ வேலை. நாலு மாதத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

நான் கேட்ட மூன்று வாக்கியம் இனி வேண்டாம். இங்கே யாரும் உங்கள் பேரைச் சொல்லவில்லை, உங்கள் கம்பெனிக்கு ஒன்றும் வராது. ஆனால் இன்னும் இரண்டு ஊரில் மிஷின் பூட்டி அங்கேயும் பலகை எழுதி மாட்டியதாக அவளிடம் பெருமையடித்தீர்களாம். அந்த இரண்டு ஊருக்கும் போய், கட்டின் மேல் ‘வ’ என்று போட்டால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்ததும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். ‘அவர் அசிங்கப்படணும்னு நீ காத்துட்டிருந்த இடத்துல நான் நின்னுட்டிருந்தேம்மா’ என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. மிஷினுக்குத் திரும்பிப் போய் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தாள். திங்கள், செவ்வாய், புதன், இன்றைக்கு நாலாவது நாள். எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைக்கிறாள். மாத்திரையை மறக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். வெந்நீர் போட்டு வைக்கிறாள். ஒரு குறையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டே அறை உள்ள வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. திட்டினாலாவது நான் பதிலுக்குத் திட்டலாம். நான் மன்னிப்புக் கேட்டேன் மாப்பிள்ளை. காதில் விழாத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் இதுவரைக்கும் நான் எதையும் கேட்டதில்லை. போன வாரம் கேட்டது அவளுக்காக. இது எனக்காகக் கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன், கௌரவமாகக் கேட்கிற வழி ஒன்றும் அகப்படவில்லை.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போன் வேண்டாம், கடிதம். மிஷினைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேளுங்கள், என்றைக்குக் கூட்டிப்போக வருகிறீர்கள் என்று எழுதுங்கள், தேதி போட்டு. அதற்கப்புறம் என்னைத் திட்டி எழுதுங்கள். நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லி, நன்றாகத் திட்டுங்கள். ராட்சசி என்று எழுதுங்கள். பெற்ற பெண்ணையே பலி கொடுக்கப் பார்த்தவள், வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று எழுதுங்கள். உங்களுக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்காது. இந்த ஒரு வருஷத்தில் உங்களை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேனோ அத்தனையையும் என் மேல் எழுதுங்கள். வார்த்தை போதவில்லையென்றால் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

அவளை எனக்குத் தெரியும். யாரை மற்றவர்கள் திட்டுகிறார்களோ அவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் அந்த மாதிரி எழுதினால், எங்கம்மாவை அப்படிச் சொல்லாதீங்க என்று உங்களுக்குப் பதில் எழுதுவாள். அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்குக் காட்ட வேண்டாம். அவள் அப்படி எழுதினாள் என்று மட்டும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

தயவு பார்க்காமல் எழுதுங்கள் மாப்பிள்ளை. நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்